கதவைக் கழற்றிய நாள்

போன மாதம் மகன் புதுக் கார் வாங்கினான். காரோடு கொடுத்த சாமான்களில் ஒரு முதலுதவிப் பெட்டியும் இருந்தது. எல்லோரும் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருக்க, நான் பின்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. உறைக்குள் பஞ்சு, உறைக்குள் கத்தரி, தானே ஒட்டிக்கொள்ளும் பட்டை. முடிச்சுப் போட வேண்டிய வேலையே கிடையாது. மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். டிஞ்சர் வாசனையைத் தேடினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளில், பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அலமாரியில் டிஞ்சர் பாட்டில் என் பொறுப்பில் இருந்தது. மூடியைத் திறந்தால் போதும், முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளை நான் தொடுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடும். அந்தப் பொறுப்பு எனக்கு வரக் காரணம், ஆசிரியர் பயிற்சியில் முதலுதவி வகுப்புப் படித்திருந்தேன். பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்த ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்தார். சுளுக்கு வேறு, மூட்டு விலகல் வேறு, எலும்பு முறிவு வேறு. மயக்கம் வேறு, அதிர்ச்சி வேறு. வாய்ப்பாடு மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தோம். முடிச்சு ஒன்றும் உண்டு. இடதின் மேல் வலது, பிறகு வலதின் மேல் இடது. எவ்வளவு ஆடினாலும் நழுவாது. அவிழ்க்க வேண்டுமானால் ஒரு நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு. பரீட்சையில் என் தோழியின் தலைக்கு நான் போட்ட கட்டால், பாவம், அவளால் மத்தியானச் சோற்றுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் பாஸ் போட்டுவிட்டார்கள்.

வாக்கப்பட்டதும் அதே ஊரில்தான். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு உள்ள வீடு. அங்கே எந்தக் காயத்துக்கும் ஒரே மருந்து காப்பித்தூள். அரிவாள் பட்டாலும் சரி, ஆணி குத்தினாலும் சரி, ஒரு பிடி அள்ளி அமுக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரரின் கையில் பழைய வெட்டுக்காயங்கள் பழுப்பாகவே ஆறியிருந்தன. நான் டிஞ்சரைப் பற்றி எடுத்துச் சொன்னால் அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியிலிருந்து காப்பித்தூள் டப்பாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் இரண்டு கட்சிக்கும் பொது. என்னை வீட்டிலும் 'டீச்சர்' என்றே கூப்பிடுவார்.

அது மிளகு எடுக்கிற காலம். ஒற்றை மூங்கிலில் கணுக்கிளைகளை அடியோடு வெட்டாமல் கால் வைக்க மட்டும் விட்டிருப்பார்கள், அதுதான் ஏணி. அதை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஏறியிருந்தார். நான் வாசலில் பச்சை மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தேன். மூங்கில் மரத்தை உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் இன்றைக்கும் கனவில் வந்து என்னை எழுப்பிவிடுகிறது.

ஓடிப் போனேன். தோட்டத்துக் கல்கட்டின் விளிம்பில் முதுகு அடிபட மல்லாந்து கிடந்தார். தலையில் ரத்தம். கொழுந்தனும் மிளகு எடுக்க வந்த ஆட்களும் அதற்குள் கூடிவிட்டார்கள். ஊர் வழக்கப்படி ஒருவர் அவரைத் தூக்கி உட்கார வைக்கக் கையைப் பிடித்தார், ஒருவர் குடிக்கக் காப்பி கொண்டுவர ஓடினார். அத்தை காப்பித்தூளை அள்ளிக்கொண்டே வந்துவிட்டார். நான் ஒப்பித்த அத்தனை வார்த்தையும் என்னை விட்டுப் போய்விட்டது. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நின்றது: முதுகில் அடிபட்டவரை அசைக்கக் கூடாது.

"யாரும் தொடாதீங்க" என்று கத்தினேன். அத்தைக்கு முன்னால் அதுவரை நான் குரலை உயர்த்தியதே இல்லை. மண்டியிட்டு அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். கால் விரலை அசைத்துக் காட்டச் சொன்னேன். இடது பெருவிரல் அசைந்தது. வலது அசையவில்லை. திரும்பவும் சொன்னேன். அசையவில்லை.

ஜீப் நிற்கிற ரோடு வெகு கீழே இருந்தது. எங்கள் பக்கம் நடக்க முடியாதவர்களைக் கம்பளியை மூங்கிலில் தொட்டில்போலக் கட்டித்தான் இறக்குவார்கள். அதில் வைத்தால் முதுகு வளையும். பலகைதான் வேண்டும், கொல்லைக்கதவைக் கழற்றுங்கள் என்றேன். ஒருவரும் நகரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் உயிரோடு இருக்கிறவர் தொட்டிலில் போவார். செத்தவரைத்தான் பலகையில் கிடத்துவார்கள். மாமனார் அப்படித்தான் போனார்.

"உசுரோட கெடக்குற பிள்ளையப் பலகையில கெடத்தவா சொல்ற தாயி?" என்றார் அத்தை. அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. கெஞ்சினார்.

"ஆமாத்தே" என்றேன். வாய்தான் சொன்னது. உள்ளே எனக்கு ஒரு நிச்சயமும் இல்லை. எப்போதோ ஒரு சனிக்கிழமை யாரோ சொன்ன ஒரு வாக்கியம். அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? போகிற வழியில் அந்தக் கதவின் மேலேயே அவர் போய்விட்டால்? இந்த வீட்டில் அதன்பிறகு யார் முகத்தில் விழிப்பேன் என்று நினைத்தேன். அவருக்காகப் பயந்ததில் பாதி எனக்காகவும் பயந்தேன்.

அத்தை மகனின் அசையாத வலது காலைப் பார்த்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் போய்க் கதவை அது சுழலும் குழியிலிருந்து குடுமியோடு தூக்கிக் கொண்டுவந்து தரையில் போட்டான். அத்தை கையிலிருந்த காப்பித்தூளை உதறினார். சேலையைக் காலோடு இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கதவின் மேல் போய் நெடுக மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, முந்தானையால் பலகையைத் துடைத்தார்.

"படுக்க வேண்டிய ஆளு படுத்தாச்சு. இனி அவன வைங்க. வெரசா."

என் பழைய சேலை ஒன்றைக் கிழித்து அவரைக் கதவோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சு தானாக விழுந்தது, இடதின் மேல் வலது, வலதின் மேல் இடது. ஆட்கள் கதவோடு அவரைத் தூக்கி ரோட்டுக்கு இறக்கினார்கள். ஜீப்பில் ஒவ்வொரு வளைவிலும் விரலை அசையுங்கள் என்றேன். வத்தலக்குண்டு நெருங்கும்போது, கண்ணைத் திறக்காமலே, "இன்னும் எத்தன பரீட்சை வைப்ப டீச்சர்?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

முதுகெலும்பில் விரிசல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னை யாரும் பாராட்டவில்லை. வராந்தாவை அடைத்துக்கொண்டு கிடக்கிற கதவை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வலது விரல் அசைய ரொம்ப நாள் ஆனது. ஒரு காலை நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது லேசாகத் துடித்தது. பயம் என்னை விட்டுவிடவில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்தபின் தினமும் எழுந்திருக்கும்போது கம்பளிக்கு வெளியே காலை நீட்டி வலது பெருவிரலை ஆட்டிக் காட்டுவார். 'பாஸா டீச்சர்?' என்பார்.

கதவைத் திரும்ப மாட்டினோம். அதற்குப்பிறகு அதைச் சரியாகச் சாத்தவே முடியவில்லை. இடுக்கு வழியாகப் பனிமூட்டம் அடுப்படிக்குள் வரும். பல வருடம் கழித்து அத்தை சாகும்போது அந்தக் கதவையே கேட்டார். அது தன் பேருக்கு எடுத்த பலகை என்றார். அதிலேயே போனார்.

இப்போது ஊருக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. மிளகுக்கு அலுமினிய ஏணி. அந்த வீட்டை இடித்துக் கட்டியாகிவிட்டது, கதவெல்லாம் இரும்பு. அவரும் இல்லை. போன வருடம் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால், வழக்கம்போல இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்ட வெள்ளைத்துணி கிழித்தார்கள். நான் கட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கட்டாமல் அந்த வலது விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரமாகுதும்மா" என்றான் மகன்.

இடதின் மேல் வலது, வலதின் மேல் இடது. நழுவாது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும்.