வேட்டியில் ஒட்டிய பச்சை

அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு மச்சான் ஒரு பெரிய பலகையைப் போட்டிருந்தார். அதன் மேல் திண்டுக்கல் ஜங்ஷன், பின்னால் மலைக்கோட்டை, முன்னால் வயல்கள், எல்லாவற்றையும் சுற்றி ஓடும் பொம்மை ரயில். ரயிலும் தண்டவாளமும் மட்டுமே கடையில் வாங்கியவை. ஸ்டேஷன் கட்டடம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. மலை, சிமெண்டு மூட்டைத் தாளைக் கசக்கிப் பசையில் தோய்த்தது. வயல், மரத்தூள். மண், காயவைத்த டீத்தூள் சக்கை. வருடாவருடம் கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கை. குடிலைத் திருவிழா இரவு வரை துணி போட்டு மூடிவைப்பது அந்த வீட்டு வழக்கம். இதையும் அப்படியே பழைய வேட்டியால் மூடிவைத்தார். முடித்த பிறகுதான் தெருவுக்குக் காட்டுவாராம்.

முடிக்க அவசரம் இருந்தது. சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்திருந்தது. போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் திரும்பிப் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மச்சான் சொன்னார்:

"மாப்ளே, கலர் வேலைய மொதல்ல முடிச்சிருவோம். கட்டடத்தத் தடவிப் பாத்துக்கூட ஒட்டிக்கலாம்."

வயலுக்கு அவர் வண்ணம் அடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"மழை பேஞ்ச மறுநா மாதிரி பச்சப்பசேல்னு இருக்குல்ல?"

வயல் நீலமாக இருந்தது. சமையலறை வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "இருக்குங்க" என்றாள். நான் பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்தியே காலம் தள்ளியவன். அன்று எதையும் திருத்தவில்லை.

மறுநாள் மதியம், அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு, அக்கா வேட்டியை விலக்கி நீலத்தின் மேல் பச்சை அடித்தாள். அவருடைய வண்ணங்களைக் கலக்க அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் டப்பாவை எடுத்திருந்தாள்.

"ஊரே வந்து பாத்துச் சிரிச்சா அந்த மனுசன் தாங்கமாட்டாருடா" என்றாள்.

உள்ளறையில் இருமல் கேட்டது. அவசரமாக வேட்டியை இழுத்து மூடினாள்.

அவர் வந்து டீ குடித்தார். வேட்டியைத் தூக்கினார். வரவில்லை. இழுத்தார். மரத்தூளைப் பிய்த்துக்கொண்டு வந்தது. விரல்களைத் தேய்த்து முகர்ந்தார்.

"நேத்து நான் அடிச்சது செத்த நேரத்துல காஞ்சிருச்சே. இது ஜன்னல் பெயிண்டுல்ல? யாரு அடிச்சா?"

"நாந்தான்" என்றாள் அக்கா.

"அப்ப நான் என்ன கலர் அடிச்சிருந்தேன்?"

"நீலம்."

"பூராவுமா?"

"பூராவும்."

மச்சான் சிரித்தார். "வயல கடலாக்கிட்டேனா? அதான் ரெண்டு பேரும் வாயத் தொறக்கலையா? கப்பல் வாங்கிட்டு வந்திருக்கலாமே மாப்ளே!"

பிறகு பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டே மலைப் பக்கம் நகர்ந்தார்.

"மலை?"

"மலை சரியா இருக்கு மச்சான்" என்றேன். அது உண்மை. கண் நன்றாக இருந்தபோது அடித்த மலை அது. பாறையின் சாம்பல் நிறமும், மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளும் அச்சாக அப்படியே இருந்தன.

"ஏ புள்ள, நீ சொல்லு."

"சரியாத்தான் இருக்குங்க."

"நேத்தும் இதே குரல்லதான சொன்ன?" என்றார்.

அதன்பிறகு அவர் வண்ணம் தொடவில்லை. சில வாரம் தடவித் தடவி ஒரு சரக்குக் கொட்டகை கட்டினார். மூன்று சுவர் நின்றது. அதற்குள் அட்டையை வெட்டும் கோடும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. தெருவுக்குக் காட்டும் பேச்சும் நின்றுவிட்டது. பச்சை ஒட்டிய வேட்டிதான் இன்றைக்கும் பலகையை மூடியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது அவர் சட்டை மாட்டிக்கொண்டு அக்காவிடம், "இது என்ன கலரு?" என்று கேட்டாராம். அது வெள்ளைச் சட்டைதான்; வெள்ளை என்றிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்குச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, இந்தச் சட்டை என்ன கலரு?"

"வெள்ளை, மச்சான்."

அக்கா நிமிரவில்லை. அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.