விளையாடுவதற்கான படகு

கடைக்குள் வந்த அதிகாரி ஒரு மரப்படகை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "இது விளையாட்டுப் பொருளாம்மா, அலங்காரப் பொருளா?"

"புள்ளைங்க வெளாடறதுக்கு சார்."

அவர் அவளுக்கு அவகாசம் கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். படகை மேசைமேல் வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அலமாரில அழகுக்கு வைக்கிறதுன்னா எங்களுக்கு இங்க வேலையே இல்ல," என்றார்.

"அலமாரில வெக்கிறதுன்னா அது இன்னாத்துக்கு சார் மிதக்கணும்?" என்று அக்கா கேட்டாள்.

அதன் பிறகுதான் அவர் எழுத ஆரம்பித்தார். தர முத்திரை இல்லாத விளையாட்டுப் பொருள்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன என்று எழுதி, இருந்த படகுகளை எல்லாம் ஒரு கோணியில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. விசாரணைக்கு அழைப்பு வரும் என்றும், அதுவரை படகு விற்கக் கூடாது என்றும் சொன்னார்.

எங்கள் கடை ராயபுரத்தில், மாதா கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. தண்டையார்பேட்டை மரவாடியில் மிஞ்சும் துண்டுகளை வாங்கி, ஒரு குழந்தை இரண்டு கையாலும் பிடிக்கிற அளவில் அக்கா மீன்பிடிப் படகுகள் செய்கிறாள். நான் பத்திரிகை வேலையை விட்ட பிறகு பில் போடுவது என் பொறுப்பானது. கடலுக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் ஒரு படகு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதிலும் ஒரு கண்டிஷன் உண்டு. தகப்பன் தன் போட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை டப்பாவோடு கொண்டுவந்து தருவான். பொம்மைக்கும் அதைத்தான் அடிக்க வேண்டும். கடலில் நிற்கும் போட்டும் பிள்ளை கையில் இருக்கும் போட்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த பெயிண்ட் உப்புத் தண்ணீரிலேயே உரியாது என்று அக்காவும் பெருமையாகச் சொல்லி விற்றவள்தான்.

விளையாட்டுப் பொருள்களுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்கிய உத்தரவு, துறைமுகம் வழியாக வந்து குவிந்த மலிவுப் பொம்மைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இப்படிப்பட்ட உத்தரவுகள் பற்றிய செய்தியில் சிறு கடைக்காரர்கள் கடைசிப் பத்தியில்தான் வருவார்கள். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பத்திதான். கோணி போன பிறகு உத்தரவை முழுதாகப் படித்தேன். முத்திரை வேண்டுமென்றால் பொம்மை செய்யும் இடத்திலேயே சோதனைக் கருவிகள் இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இழைப்பு மேசையைப் போட்டாலே ஆள் நகர இடமில்லை.

ஆனால் பெயிண்ட் பற்றிய பகுதியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்று அதில் இருந்தது. கோணிக்குத் தப்பிப் பட்டறை மூலையில் கிடந்த பழைய படகு ஒன்றைத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. அடிப்பக்கம் பாசி ஒட்டாமல் இருக்கப் போடும் விஷச் சரக்கும் இருந்தது. முடிவை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் பட்டறைக்குள் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

மறுநாள் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு மீனவர் பச்சை பெயிண்ட் டப்பாவோடு வந்தார். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்குப் படகு வேண்டும். அக்கா டப்பாவைத் தொடவே இல்லை.

"இத்த எடுத்துகினு போ நைனா. இனிமே இத்த அடிக்க மாட்டேன்."

"இன்னாக்கா, என் போட்டு பெயிண்டு உனக்கு வெசமா பூட்ச்சா?"

"போட்டுக்கு வெசமில்ல. உன் புள்ள வாயில வெக்கும்."

"நான் கூடத்தான் இந்த பெயிண்டுல கைய வுட்டுகினே வளந்தேன். இன்னா ஆயிட்சி?"

"அதான் பாத்துகினு கீறேனே," என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "ஆத்துல கம்பெனிக்காரன் சாம்பலையும் எண்ணெயையும் கலந்து வுடறான். மீனெல்லாம் செத்து மெதக்குது. அவன ஒருத்தனும் கேக்கல. பொம்மைல வெசம் கீதுன்னு உன்னாண்ட கோணி தூக்கினு வரானுங்க. நீயும் அவனுங்க பாட்டையே பாடற."

"அவன் கலக்கறான்னு நானும் கலக்கணுமா?"

அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அக்கா அவருடைய போனைக் கேட்டாள். போட்டின் படம் அதில் இருந்தது. தண்ணீரில் கரைக்கிற, ஈயம் இல்லாத பெயிண்டில் அந்தப் பச்சையைக் கலந்து காட்டுவதாகச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார். பச்சை சரியில்லை என்று பலமுறை அடம்பிடித்தார். "இது மார்க்கெட்டு கீரக்கட்டு மாதிரி கீது. என் போட்டு இப்டியா கீது?" என்றார். கடைசியில் ஒரு பச்சைக்குத் தலையாட்டினார்.

அந்தப் புதுப் பெயிண்ட் அடித்த படகையும் சோதனைக்குக் கொடுத்தோம். ஈயம் இல்லை. எந்த விஷமும் இல்லை. ஆனாலும் அதை விற்க முடியாது. சோதனைக் கூடத்தின் தாள் எங்கள் கையில் இருந்தது; முத்திரை இல்லை.

இதற்கு எங்கள் தெருவிலேயே மருந்து இருந்தது. இரண்டு கடை தள்ளி பிளாஸ்டிக் சாமான் விற்கும் பாய் ஒரு சுருள் ஸ்டிக்கரோடு வந்தார். 'அலங்காரப் பொருள், குழந்தைகள் விளையாடுவதற்கு அல்ல' என்று அதில் அச்சடித்திருந்தது.

"எல்லாரும் இத்ததான் ஒட்டிகினு கீறாங்க தங்கச்சி. ஒண்ணு அடில ஒட்டு, பேஜாரே கெடையாது."

"ஒட்டிட்டா புள்ளைங்க வெளாட மாட்டாங்களா பாய்?"

"வெளாடும். அதுங்களுக்கு இன்னா படிக்கத் தெரியுமா?"

"அப்போ யாருக்கு இத்த ஒட்டற?"

"கோணி தூக்கினு வரவனுக்கு," என்றார் பாய். "நீ இன்னா, கோர்ட்டாண்ட சாட்சி சொல்ற மாதிரி பேசிகினு கீற."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிழைக்க வேண்டியவர் சொல்வதைச் சொன்னார். ஸ்டிக்கர் சுருளையும் விட்டுவிட்டுப் போனார். அக்கா அதை மறுபடி அவர் கடையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். அதே அதிகாரிதான். சோதனை முடிவைப் படித்தார். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்றார். விண்ணப்பித்துவிட்டோம், எந்தக் கைத்தொழில் என்று கேட்டிருக்கிறார்கள், பட்டியலில் பொம்மைப் படகு இல்லை என்று சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"கைவினைஞர் அட்டை வர்ற வரைக்கும் ஷோபீஸ்னு எழுதி வித்துக்கோங்கம்மா. நான் ஃபைலை இப்பவே முடிச்சிடறேன். பொருளையும் திருப்பிக் குடுத்துடறேன்."

"ஷோபீஸ்னு எழுதினா, இதுல இன்னா பெயிண்டு கீதுன்னு கேப்பீங்களா சார்?"

"கேக்க மாட்டோம். அது எங்க வரம்புல வராது."

"வெச பெயிண்டு அடிச்சிருந்தாலும்?"

"சட்டப்படி வராதும்மா."

"அப்போ வெசத்த அடிச்சு பொய் சொன்னா வுடுவீங்க. வெசத்த எடுத்துட்டு நெசம் சொன்னா கோணில போடுவீங்க."

அறையில் இன்னொரு மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி கோபப்படவில்லை. "என்னால இவ்வளவுதாம்மா செய்ய முடியும். விளையாட்டுப் பொருள்னு வித்தா மறுபடியும் வர வேண்டியிருக்கும். அபராதமும் உண்டு," என்றார்.

"வாங்க சார். கடை அங்கியேதான் கீது."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நான் அவளிடம் வாதாடினேன். ஸ்டிக்கரை ஒட்டு, பெயிண்டை நல்லதாகவே அடி, பிள்ளைக்கும் கெடுதலில்லை, கடையும் பிழைக்கும் என்றேன். அவள் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். துறைமுகம் தாண்டிய பிறகு சொன்னாள்: "நான் நல்ல பெயிண்டு அடிப்பேன். அதே ஸ்டிக்கர ஒட்டிகினு பக்கத்துல ஒருத்தன் வெச பெயிண்டு அடிப்பான். வாங்கறவனுக்கு எது எதுன்னு எப்டிடா தெரியும்?" இந்த உத்தரவைப் பற்றி நான் படித்த எதிலும் யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் முகத்துவாரக்குப்பத்துக்காரர் வந்தார். பச்சைப் படகு தயாராக இருந்தது. வாளித் தண்ணீரில் விட்டுக் காட்டினாள், சாயாமல் நின்றது. அவர் நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். நாக்கில் வைத்தும் பார்த்தார். "உப்பு கம்மி," என்றார். அன்றைய கோபம் அவர் முகத்தில் இல்லை.

பில் புத்தகத்தை எடுத்தேன். என்ன எழுதுவது என்று அக்காவைப் பார்த்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: விளையாட்டுப் படகு ஒன்று. குழந்தைகள் விளையாடுவதற்கு. ஈயம் இல்லாத பெயிண்ட், சோதிக்கப்பட்டது. தர முத்திரை இல்லை. கீழே தன் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

அவர் பில்லை வாங்கிப் படித்தார். "இன்னாக்கா, உன்ன நீயே மாட்டி வுட்டுக்கிற. பில்லு வேணாம், குடு, நான் பூடறேன்."

"பில்லு இல்லாம என் கடைல சரக்கு வெளிய போவாது. இதுல ஒரு காப்பி அந்த ஆபீசுக்கும் போவுது."

"உள்ள தூக்கிப் போட்டா?"

"ஏன், நீ வந்து ஜாமீன் எடுக்க மாட்டியா?"

"நானா?" என்றார். பிறகு பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கூப்டா வந்து சொல்றேன். என் புள்ள வெளாடத்தான் வாங்கினேன்னு சொல்றேன்."

நகலை உறையில் போட்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் பிறகு விற்ற ஒவ்வொரு படகின் பில்லும் அப்படியே போகிறது. இதுவரை பதிலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வந்தால் கோணியில் போட அலமாரி நிறையப் படகு இருக்கிறது. இன்று காலை ஒருவர் போனில் நீலமும் வெள்ளையுமாக ஒரு போட்டைக் காட்டிவிட்டுப் போனார். அக்கா இப்போது அந்த நீலத்தைக் கலந்துகொண்டிருக்கிறாள்.