கோடையில் தப்பிய ஐஸ்

முட்டம் துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள ஐஸ் பிளாண்டில் ராகேலுக்குப் பதினெட்டு வருட வேலை. கேனில் ஊற்றிய தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தின் பெரிய ஐஸெல்லாம் எப்படி உண்டானது என்று வாசிக்கத் தொடங்கினாள். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. வாசகசாலைப் புத்தகங்களும் ஓர் அகராதியும்தான் துணை. மூன்று வருடத்தில் ஒரு நோட்டு நிறைந்தது.

கடற்கரை ஊர்களில் அறிவியல் பேச ஓர் அறிவியல் அமைப்பினர் ஆள் தேடினார்கள். ஏலக்கூடத்தில் மீன் விற்கும் பெண்கள் முன்னால் பேசிக் காட்ட வேண்டும்; அமைப்பின் சார்பில் நாகர்கோவிலிலிருந்து வந்த ஹரிதா முடிவு சொல்வாள். ராகேல் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் வேலை அது.

"பனிமேல் பனி சேர்ந்து பனிப்பாளம்..." என்று வாசித்தாள்.

"ஏட்டி ராகேலு, வெயில் வந்தா பனி காஞ்சிருமே. அது எப்பிடி மலையா சேரும்?" என்றாள் மீன்கூடையோடு முன்னால் இருந்த கிளாரா. மார்கழியில் புல்லில் நிற்கும் பனிதான் அவளுக்குத் தெரியும். கூடம் சிரித்தது.

ராகேல் நோட்டை மூடினாள்.

"செரி, பனிய விடுங்க. நம்ம பிளாண்ட் முற்றத்துல ஐஸ் கட்டி எப்ப மிச்சம் கெடக்கும்?"

"கூடுதல் எடுத்தா," என்றாள் கிளாரா.

"எத்தனை எடுத்தாலும் சித்திரை வெயில்ல அந்திக்குத் தண்ணிதான?"

"ஆமா. மேகம் மூடுன அன்னைக்குக் கெடக்கும்."

"அதேதான். பூமி சாயுற சாய்வும் சுத்துற வழியும் ஆயிரக்கணக்கான வருசத்துல கொஞ்சம் கொஞ்சமா மாறும். வடக்க கோடை வெயில் தளர்ந்த காலத்துல, குளிருக்குப் பொடியா விழுந்த ஐஸு உருகாம தப்பிச்சுது. அதுமேல அடுத்த வருசத்தது. அமுங்கி அமுங்கி ரெண்டு மூணு கிலோமீட்டர் கனம். குளிரு கூடணும்னு இல்ல, கோடை தோத்தாப் போதும். கோடை வலுத்தா திரும்ப உருகும்."

கிளாரா விடவில்லை. "அப்போ இப்ப ஐஸ் மலை உருகுதுன்னு சொல்லுறதும் அந்தச் சாய்வாலயா?"

"இல்ல. சாய்வுக்கு இத்தனை அவசரம் கெடையாது. நாம கரியும் டீசலும் எரிச்சு வந்த வாயு, கம்பளி மாதிரி பூமியப் போத்திருக்கு."

"சூரியன் செஞ்சதுன்னா கும்பிட்டுட்டுப் போகலாம். மனுசன் செஞ்சதுன்னா கொறைக்கலாம்லா?"

ராகேல் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "போன ஐஸு நம்ம காலத்துல திரும்பாது. இனிப் போறதக் கொறைக்கலாம்."

ஹரிதா பேனாவை எடுத்தாள். "அக்கா, சனிக்கிழமை மண்டைக்காட்டுக்குப் பேச வருவீங்களா?"

"அது பெறவு," என்று கிளாரா குறுக்கே விழுந்தாள். "முதல்ல எங்க தெருவுக்கு வரட்டும். எங்க வீட்டு மனுசரோட மீன்பிடி போட்டு, அவரவிடக் கூடுதலா குடிக்கு. டீசலச் சொன்னேன். அவரும் கேக்கட்டும்."

ஹரிதா இரண்டு இடத்தையும் எழுதிக்கொண்டாள்.