டொய்பாவின் தும்மல்

எங்கள் ஊரில் ஒருவர் பேசும்போது பக்கத்தில் இருப்பவர் தும்மிவிட்டால் அந்தப் பேச்சு பலித்த மாதிரிதான். "உண்மைக்குத் தும்மியாச்சு" என்போம். அப்புறம் அதை மறுக்க எங்கள் மதகுரு ரபிக்கே வாய் வராது. பேச்சு இறந்துபோனவரைப் பற்றியது என்றால் மட்டும், தும்மியவர் தன் காதைப் பிடித்து மெல்ல இழுத்துவிட வேண்டும்.

நேமன் ஆறு உறைந்துகிடக்கும் மாதங்களில் டொய்பாவின் வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடி, தலையணைக்காக வாத்திறகு உரிப்போம். இறகு பறந்துவிடும் என்று சன்னலைத் திறப்பதில்லை. வெள்ளைத் தூவி அறை முழுக்க மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாக வேலை செய்யும், மனம் எங்கோ போய்விடும். டொய்பா மட்டும் தும்மிக்கொண்டே இருப்பாள். முதல் தும்மலுக்கு "சுகமா இரு", அடுத்ததற்கு "நீண்ட ஆயுசு" என்று சொல்லியே எங்கள் வாய் ஓய்ந்துவிடும்.

ஊருக்கு இது போதாதா? வேலை வெட்டி இல்லாதவர்களும் ஆசையைச் சுமந்துகொண்டு வருவார்கள். கோழிக்காரி ரீவ்கா ஒரு வாரமாக ஒன்றையே சொன்னாள்.

"இந்த வருஷம் என் பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிடும்."

"இறகைக் கொஞ்சம் கிளறிவிட்டுச் சொல்லுடி, சீக்கிரம் அமையும்" என்றேன். டொய்பா சிரித்தாள், சிரித்ததில் தும்மினாள். ரீவ்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

டொய்பாவின் ஆசையை மட்டும் யாரும் சொன்னதில்லை. அவள் புருஷன் ஸெலிக் மரத்தெப்பம் ஓட்டிக்கொண்டு ஆற்றோடு போனவன். இரண்டு பனிக்காலமாகச் சேதி இல்லை. தன் பேச்சுக்குத் தன் தும்மல் செல்லாது. நாங்கள் சொல்லி, தும்மல் வராமல் போனால்? அந்தப் பயம்தான்.

நேற்று மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி தூவியை அவள் முகத்துக்கு நேரே ஊதிவிட்டுச் சொன்னேன்.

"பனி உருகட்டும், உன் ஸெலிக் வாசல்ல வந்து நிப்பான் பாரு."

வீடு அதிரத் தும்மினாள்.

"உண்மைக்குத் தும்மியாச்சு" என்று எல்லாரும் கைதட்டினார்கள். ரீவ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றாள் டொய்பா. பிறகு கூடையில் இறகு எடுப்பதுபோலக் குனிந்து, தன் காதை மெல்ல இழுத்துவிட்டாள்.

நான் மட்டும்தான் பார்த்தேன்.