பனிக்குகை வாசலில் திறந்த தொண்டை

பொறாமையால் நான் ஒரு பெண்ணைச் சாக விட்டுவிடப் பார்த்தேன். அவள் வேறு யாரும் இல்லை. என் கொழுந்தன் சேவியரின் மனைவி, என் ஓரகத்தி லில்லி. இதைக் கோவிலில் எழுந்து நின்று சொல்ல மூன்று வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் லில்லியே, “எழுதிக் குடுங்கக்கா, நாலு பேருக்கு ஆகும்” என்றாள். அதனால் எழுதுகிறேன். என் பெயர் சகாயமேரி.

எங்களுக்குக் கம்பைநல்லூர் பக்கம் கிராமம். கடலைக்காயும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். எங்கள் கோவிலில் ஞாயிறு பூசைக்குப் பதினோரு வருஷம் நான்தான் பாட்டு எடுத்துக் கொடுத்தேன். 1983இல் லில்லி கல்யாணமாகி வந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், டீச்சர் டிரெயினிங் முடித்தவள். மாதா திருநாளில் ஒரு பாட்டுப் பாடினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் மைக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் பூசையே இல்லாமல் போனது. அவள் எங்கே சுருதி விடுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, “ஒரு நாளாவது இவள் தொண்டை கட்டட்டும் தாயே” என்று கேட்டவள் நான். ஒரு வாரம் நிஜமாகவே கட்டிக்கொண்டது. நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றேன். சாமியார் ஒரு சிஸ்டரைப் பாடச் சொன்னார். அன்று வீட்டில் நான் யாருக்கும் சோறு போடவில்லை.

1986 கோடை லீவில் காஷ்மீர் டூர் வந்தது. சேவியர் பென்னாகரத்தில் வாத்தியார். சேலத்திலிருந்து ஒரு மேனேஜர் சமையல்காரரோடு ஆட்களைக் கூட்டிப் போகிற டூர் அது. “அண்ணி, நீங்களும் வாங்க. அண்ணன் கெணத்து வேலையப் பாத்துக்கட்டும்” என்று கொழுந்தன் கூப்பிட்டார். கூப்பிடச் சொன்னது லில்லி என்று தெரிந்ததும் எனக்கு எரிந்தது. போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை. குளிருமே என்று அவள் தன் ஸ்வெட்டரை எனக்குக் கொடுத்துவிட்டு ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டாள். கம்பளி யாருக்கும் குத்தும். எனக்கு அவள் கொடுத்தது என்பதால் இரண்டு மடங்கு குத்தியது. ரயிலில் மூன்று நாளும் எல்லோரும், “லில்லி டீச்சர், ஒரு பாட்டு” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சோனாமார்க் என்ற மலை ஊரில் தங்கினோம். அன்று சாயங்காலம் வெந்நீர் வாங்கலாம் என்று விடுதிச் சமையல்கட்டுக்குள் போனேன். அங்கே இருந்த அந்த ஊர்ச் சமையல்காரர் என்னைப் பார்த்து, “பாஹர், பாஹர்” என்றார். சமைத்ததைப் பாரு, பாரு என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதைக்கு ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்து, “நல்லாருக்குங்க” என்று தலையாட்டினேன். அவர் இன்னும் சத்தமாகச் சொல்ல, நான் இன்னொரு மூடியைத் திறந்தேன். சத்தம் கேட்டு வந்த டூர் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அம்மா, பாஹர்னா வெளிய போங்கன்னு அர்த்தம்.”

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. “எங்கூட வந்த பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படித்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது. அப்போது எனக்கு அது ஒன்றுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை குதிரையில் ஏற்றிப் பனிமலை அடிவாரத்துக்குக் கூட்டிப் போனார்கள். குதிரைக்குப் பயந்தவர்களோடு மேனேஜர் கீழேயே நின்றுவிட்டார். மேலே எங்களுக்கு வழிகாட்டி அந்த ஊர்க் குதிரைக்காரர். மலைப்பனியின் அடியில் தண்ணீர் அரித்து அரித்து ஒரு குகை உண்டாகியிருந்தது. எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மரத்தூளுக்குள் புதைத்து வைத்த கட்டிதான். இங்கே தலைக்கு மேலே, பக்கத்தில், காலுக்குக் கீழே எல்லாம் ஐஸ். உள்ளே நீல நிறமாக வெளிச்சம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குதிரைக்காரர் வாசலோரமே நிற்கச் சொல்லிக் கை காட்டினார்.

சேவியர் போட்டோ எடுக்க வெளியில் நின்றார். எங்களோடு டூர் வந்த சேலத்துப் பெண்கள் இரண்டு பேரும் நானும் வாசல் பக்கம் நின்றோம். லில்லி பத்தடி உள்ளே போய்விட்டாள். எதிரொலி கேட்க ஒரு வரி பாடினாள். அந்தப் பனி அவள் குரலை வாங்கி இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தது. சேலத்துப் பெண்கள் கை தட்டினார்கள். ஐஸ்கூட இவளுக்குத்தான் ஒத்துப் பாடுமா என்று எனக்கு வயிறு எரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் திரும்பி வெளியே நடந்தேன்.

அப்போது மேலே எங்கோ ‘டப்’ என்று ஒரு சத்தம். குதிரைக்காரர், “பாஹர்! பாஹர்!” என்று கத்திக்கொண்டு சேலத்துப் பெண்களைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். லில்லி அசையவில்லை. கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னாத்தப் பாக்கச் சொல்றாரு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அந்த இடத்தில் எங்கள் ஆட்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் கூப்பிடவில்லை. பயத்தில் வாயடைத்துவிட்டது என்று பிறகு பலர் சொன்னார்கள். பயம் இல்லை. இனி மைக் எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு மூச்சு நேரம் அந்த நினைப்போடு நின்றேன். எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அடுத்த மூச்சில் நான் யாரென்று எனக்கே தெரிந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தேன். இப்போது நிஜமாகவே சத்தம் வரவில்லை. அவளுக்கு வரட்டும் என்று மாதாவிடம் நான் கேட்ட தொண்டைக்கட்டு எனக்கே வந்துவிட்டது. “ஆண்டவரே, இனி நான் பாடவே வேண்டாம். இந்த ஒரு தரம் என் தொண்டையைத் திறந்துவிடும்” என்று உள்ளே அழுதேன்.

திறந்தார்.

“லில்லீ! பாக்காதடி! வெளிய ஓடியா!”

அப்படி ஒரு சத்தம் என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. லில்லி சால்வை நழுவி விழ ஓடி வந்து என் மேல் மோதினாள். அவள் நின்ற இடத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு பனிப்பாளம் விழுந்து நொறுங்கியது. சால்வை அதற்கு அடியில் போய்விட்டது.

எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். மூன்று வருஷமாக நான் ஏங்கிய புகழ் அது. அதில் ஒரு வாய்கூட எனக்கு உள்ளே இறங்கவில்லை. லில்லி என் கையை விடவே இல்லை. “எனக்கு உசுரு குடுத்தீங்கக்கா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். திரும்புகிற ரயிலில் இரண்டாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. சமையல்கட்டு, மறைத்தது, அந்த ஒரு மூச்சு, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். குகை வாசலில் கத்தியதில் என் குரல் கம்மிப் போயிருந்ததால் அவள் குனிந்து கேட்டாள். கேட்டு முடித்து எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சேலம் வரும்வரை என்னிடம் பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, அவள் மன்னிக்காவிட்டாலும் நல்லாயிருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். அவளுக்காக நான் செய்த முதல் செபம் அதுதான்.

சேலத்தில் பஸ் ஏறினோம். தொப்பூர் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் முக்கிக்கொண்டு ஏறும்போது லில்லி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அக்கா, எத்தன மூடியத் தொறந்து பாத்தீங்க?”

“அஞ்சு.”

“அஞ்சுமா? உள்ள என்னா இருந்துச்சு?”

“ஒன்னுல வெறும் தண்ணி. அதையும் நல்லாருக்குன்னேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் அழுது சிரித்தோம். “அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்பமேக்கா” என்றாள் லில்லி. ஸ்வெட்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். “நீங்களே போட்டுக்கங்க” என்று என் மடியிலேயே வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குரல் இல்லை. லில்லி பாடினாள். முதல் தடவையாக அவள் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். மேல் சுருதிக்குப் போகிற என் பழைய குரல் அதன்பிறகு திரும்பவில்லை. அவள் எடுத்துக் கொடுக்க, நான் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறேன். அது போதும்.

பொறாமை முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் ஆண்டவர் முன்னால் பொய்யாகிவிடும். அவள் புதுச்சேலை கட்டினால் என் கண் இன்றைக்கும் கரையில்தான் போய் நிற்கும். அப்போதெல்லாம் மனசுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டு, எட்டிப் பார்க்கிற அந்தப் பொறாமையிடம் “பாஹர்” என்று சொல்லுகிறேன். அது போய்விடுகிறது. மறுபடி வரும், மறுபடி சொல்லுவேன். உங்களுக்கும் அப்படி ஒரு முகம் மனசில் இருந்தால், வெட்கப்படாமல் அவரிடம் தொண்டையைத் திறக்கக் கேளுங்கள். எனக்கே திறந்தவர் உங்களுக்கும் திறப்பார்.

போன ஞாயிறு பூசையில் என்னையறியாமல் நான் “பாஹர்” என்று முணுமுணுத்தது லில்லிக்குக் கேட்டுவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்து கேட்டாள்: “என்னக்கா, சேலை அவ்வளவு நல்லாவா இருக்குது?”