உப்புத் தண்ணீரில் எரிந்த விளக்கு

மொஸ்தகனேம் நகரத்தில், துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் அந்த அடுக்குமாடியில் சூலிகாவைத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பருப்பு சூப் காய்ச்சுகிறவள். மீன்காரர் மிலூத்தின் மனைவி. அவள் பதினேழு வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டியவள். அவை உள்நாட்டுச் சண்டை நடந்த கெட்ட வருஷங்கள். பேருந்தை வழியில் யார் துப்பாக்கியோடு நிறுத்துவார்கள் என்றே தெரியாது. அப்பா பயந்துபோய் அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு, தனித்தேர்வராக அந்தப் பரீட்சையை எழுதினாள். மற்ற பாடங்கள் கைகொடுத்தன. வேதியியல் கவிழ்த்துவிட்டது. அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று கேட்டிருந்தார்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் கலைந்துபோய், பாதித்தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுவருஷம் மனப்பாடத்தை விட்டாள். புரிந்தால்தான் அடுத்த பக்கம் என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். ஒரு வியாழக்கிழமை மாலை மிலூத் மத்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கேளு மனுஷா. குளோரின் அணுவோட வெளிச்சுத்துல ஏழு எலக்ட்ரான். அதுக்கு இன்னும் ஒண்ணு வேணும்."

"ஏழு போதாதா? எவ்வளவு வாடகை கொடுத்தாலும் பத்தாதுங்கிற நம்ம வீட்டுச் சொந்தக்காரன் மாதிரியில்ல இருக்கு!"

"பேராசை இல்ல. எட்டு ஆனாத்தான் அதுக்கு நிம்மதி. சோடியத்துக்கு வெளிச்சுத்துல ஒண்ணே ஒண்ணு. அத விட்டுட்டா, உள்ள இருக்கிற நிறைஞ்ச சுத்துதான் மிஞ்சும். அதுக்கும் நிம்மதி."

"ஆக, இவன் கொடுக்கிறான், அவன் வாங்கிக்கிறான். அப்புறம்?"

"கொடுத்தது பிளஸ் ஆயிடும், வாங்கினது மைனஸ் ஆயிடும். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். அதான் நீ மீன் மேல தூவுற உப்பு. சர்க்கரையில இப்படிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அணுக்கள் எலக்ட்ரான நடுவுல வச்சுப் பங்கு போட்டுக்கும்."

மிலூத் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் சொல்ற. ஆனா இதை நீ கண்ணால பாத்தியா?"

சூலிகாவுக்குச் சுருக்கென்றது. பார்க்கவில்லைதான். அந்தக் கேள்வி மறுநாள் தொழுகை முடிந்து, கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ் சாப்பிடும்போதும் அவளை விடவில்லை. தட்டுகளைக் கூட எடுக்காமல் கீழே போனவள், மிலூத்தின் ஸ்கூட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏ பொண்ணே, அது என் பொழப்பு!"

"ஒரு மணி நேரம் கடன் கொடு."

சின்ன விளக்கு ஒன்றை வயரில் கோத்தாள். இரண்டு கம்பி முனைகளை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில், ஒன்றையொன்று தொடாமல் விட்டாள். சர்க்கரையைக் கலக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. புதினா கேட்டு வந்த பக்கத்து வீட்டு கைரா எட்டிப் பார்த்தாள். "விளக்கு செத்துப்போச்சு அக்கா."

சூலிகா அந்தத் தம்ளரை ஓரமாக நகர்த்தினாள். வேறு தம்ளரில் தண்ணீர் எடுத்து, கம்பிகளைக் கழுவி இறக்கி, உப்பைப் போட்டாள். இரண்டாவது கரண்டியில் விளக்கு மங்கலாகச் சிவந்தது. நாலாவதில் நன்றாகவே எரிந்தது. ஒரு கம்பியிலிருந்து குமிழ்கள் பொலபொலவென்று கிளம்பின.

"பிஸ்மில்லா!" என்று கைரா பின்னால் நகர்ந்தாள்.

"தண்ணில போட்டதும் பிளஸ் தனியா, மைனஸ் தனியா பிரிஞ்சிடுது," என்றாள் சூலிகா. "அதுங்கதான் கரண்டைச் சுமந்துட்டுப் போகுது. சர்க்கரை கரைஞ்சாலும் துகள் முழுசா அப்படியே இருக்கும். பிளஸும் இல்ல, மைனஸும் இல்ல. எதை வச்சுச் சுமக்கும்?"

இருபத்தைந்து வருஷமாக ஏட்டில் மட்டும் இருந்த ஒன்று அவள் சமையல் மேஜையில் எரிந்துகொண்டிருந்தது. மிலூத் பேட்டரியை மறந்தே போனார். ஆலிவ் எண்ணெயை வேறு தம்ளரில் ஊற்றிப் பார்த்தார், இருட்டு. மீன் ஊறிய உப்புநீரை ஊற்றினார், விளக்கு பளிச்சென்றது. "என் மீனுக்கும் வேதியியல் தெரியுது!" என்று கத்தினார். மாடிப்படியெல்லாம் ஆள் கூடி, ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்தார்கள்.

ராத்திரி பேட்டரியிலிருந்து கம்பியைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. காலையில் தீர்ந்துபோன பேட்டரியை மாட்டியபோது ஸ்கூட்டர் முனகக்கூட இல்லை. மிலூத் நடந்தே துறைமுகம் போனார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தன் மனைவி உப்புத் தண்ணீரில் விளக்கு எரித்த கதையைச் சொல்லிக்கொண்டே போனதால், மீன் ஏலத்துக்குப் பிந்திவிட்டார்.

ஜூன் மாதம் சூலிகா மறுபடி பரீட்சை எழுதினாள். முடிவு வந்த அன்று கைராவின் குலவைதான் முதலில் கேட்டது. அப்புறம் ஒவ்வொரு மாடியாக எழும்பியது. மிலூத் ஒரு கூடை மத்தியைச் சும்மாவே கொடுத்துத் தீர்த்தார்.

பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்கே இடம் கேட்டு வாங்கினாள். முதல் நாள் கறுப்புப் பையோடு அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தி, மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்க, உட்காருங்க," என்றாள் சூலிகா சிரிப்பை அடக்க முடியாமல். "நானும் உங்க கூடப் படிக்கத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் தள்ளிக்கோ மகளே."