செல்வி அக்காவுக்கு எத்தனை தம்பி?

செல்வி அக்கா போயிட்டாங்க. காலையில இல்லத்துலேர்ந்து போன். ஹார்ட் அட்டாக்காம்... நேத்து கூட வாட்ஸ்அப்ல குட் மார்னிங் அனுப்பினாங்களே.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். போக்கிடம் இல்லாத பொம்பளைங்க பிள்ளைகளோட தங்கற இல்லம் ஒண்ணு ஆரணியில இருக்கு. அதுக்கு அக்காதான் வார்டன். வேலை கிடைச்சு, வாடகைக்கு ஒரு வீடு அமையற வரைக்கும் அங்கே இருக்கலாம். நானும் என் பொண்ணும் அப்படி இருந்தவங்கதான்.

செய்யார் கம்பெனியில வேலை கிடைச்சுடுச்சு. வீடுதான் பேஜார். "வீட்டுக்காரர் எங்கம்மா?"ன்னு கேட்பாங்க, அதோட கதை முடிஞ்சுடும்.

கடைசியில அக்காவே கூட வந்தாங்க. ஹவுஸ் ஓனர் அம்மா ராட்டையில தறிக்கு நூல் சுத்திகினே அதே கேள்வியைக் கேட்டாங்க. அக்கா அசரவே இல்ல. "இது என் தம்பி பொண்டாட்டிங்க. தம்பி துபாய்ல கீறான்."

அக்காவுக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாது!

அப்புறம் அடிக்கடி வந்து நாத்தனார் அதிகாரம் வேற. "இன்னாமே, என் தம்பி பொண்ணை இப்படி இளைக்க வுட்டுட்டே?"ன்னு ஓனர் காதுல விழற மாதிரி கத்துவாங்க. நான் உள்ளே போய் சிரிப்பேன்.

இன்னைக்கு ஓனர் அம்மா, "தம்பி வர முடியலன்னா இன்னா? பொறந்த வூட்டுக் கோடி நீதான் போடணும்"னு அவங்களே ஒரு புதுப்புடவையை எடுத்துகினு ஆட்டோவுல ஏறிட்டாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? உண்மை தெரிஞ்சா வீடு போயிடுமே...

அங்கே போனா, அக்கா மேல ஏற்கெனவே புதுப்புடவைங்க. இல்லத்துலேர்ந்து வெளியே போன பொண்ணுங்க எல்லாம் நிக்கறாங்க. பக்கத்துல அவங்கவங்க ஹவுஸ் ஓனர்.

எல்லாரும் தம்பி பொண்டாட்டி. எல்லாத் தம்பியும் துபாய்.

அழறதா சிரிக்கறதான்னே தெரியல. ஓனருங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. எங்க ஓனர் அம்மா புடவையை என் கையில குடுத்து, "போடு"ன்னாங்க. அவ்வளவுதான்.

திரும்பி வர வழியெல்லாம் இனி எங்கே போறதுன்னு பயந்துகிட்டே வந்தேன்.

வாசல்ல இறங்கினதும், "இரு, உள்ள போவாத. தண்ணி எடுத்தாறேன், தலைக்கு ஊத்திக்கோ. நாத்தனார் சாவு... இன்னைக்கு அடுப்பு பத்த வெக்காத, சோறு எங்க வூட்லேர்ந்து வரும்"னாங்க.

தெரிஞ்சு சொன்னாங்களா, தெரியாம சொன்னாங்களா... சத்தியமா புரியல. கேக்கவும் தைரியம் இல்ல.

ஈரத் தலையோட உக்காந்து எழுதறேன். பொண்ணு சாப்பிட்டுட்டா.

அக்கா... வீடு இருக்கு. நீங்க நிம்மதியா போங்க.